ஒரு கோட்டு

ராமநாதபுரத்துக் கடையில்
பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று எழுநூற்றைம்பது.
நான்கும் எடுத்தால் நூறு குறைப்பாராம்.
யோசிக்கிறேன் என்று சொல்லி
பஸ் ஏறிவிட்டேன்.

பாம்பனில், பாலத்துக்குத் தெற்கே,
என் டீக்கடை வாசலில்
நான்கு இரும்பு நாற்காலிகள்.
மூடிப்போன கல்யாண மண்டபத்தில்
எடைக்குப் போட்டபோது எடுத்தவை.
அங்கே எத்தனை கல்யாணம் தாங்கினவோ,
இங்கே ஆறே வருஷம்.
உட்கார்ந்தவர் எழுந்தால்
துருவும் கூடவே எழுந்தது.
ஒருவர் வெள்ளை வேட்டியைத் திருப்பிக் காட்டிவிட்டு
டீக்காசு தராமல் போனார்.
கேட்க எனக்கும் வாயில்லை.

தடைக்காலம்.
படகெல்லாம் கரையில், டீயும் பாதிதான் ஓடும்.
இதை விட்டால் நாளில்லை.

உப்புத்தாள் நான்கு, அறுபது ரூபாய்.
உப்பு தின்றதை
உப்புத்தாளால்தான் தேய்க்கவேண்டும் போல.
பேர் வைத்தவன் எந்த ஊரோ,
ஒருமுறையாவது இந்தக் கரைக்கு வந்திருப்பான்.
துரு ஏடேடாய் உரிந்தது.
அதற்கடியில் மெரூன், அதற்கும் அடியில் சந்தன நிறம்,
ஒன்றின் முதுகில் மட்டும்
மண்டபத்துக்காரர் போட்ட எண்: 212.

ரெட் ஆக்சைடு அரை லிட்டர் நூற்றுநாற்பது,
பிரஷ் நாற்பது, போல்ட் நட்டு இருபது.
ஆக இருநூற்றறுபது.
தோள்வலியை எழுதவில்லை.
தகடு ஓட்டையான இரண்டுக்கு
கிழிந்த வலையின் ஓரக்கயிற்றைக்
குறுக்கும் நெடுக்கும் இழுத்துக் கட்டினேன்.
மீனை விட்ட வலை
ஆளைத் தாங்குகிறது.

பெயிண்டுக்குக் காசில்லை. கரைக்குப் போனேன்.
இன்னாசிமுத்து அண்ணன்
ஒரு டப்பா நீலத்தில் கால் டப்பா பச்சையை ஊற்றி
துடுப்புக் கட்டையால் கிண்டிக்கொண்டிருந்தார்.
"இந்தக் கலரு எவன்ட்டயும் இருக்காது பாரு."
படகு முடிந்தபின் அடியில் மிஞ்சியது
இரண்டு டம்ளர் இருக்கும்.
மண்ணெண்ணெய் விட்டு நீட்டினேன்,
212க்கு மட்டும் வந்தது.
மற்ற மூன்றும் மற்றவர் மிச்சத்தில்:
மஞ்சள், வெள்ளை,
எதெதுவோ சேர்ந்து சாம்பலானது ஒன்று.

கச்சான் காயவிடவில்லை.
'உட்காராதீர்கள்' என்று அட்டையில் எழுதி வைத்தேன்,
அட்டையைக் காற்று கொண்டுபோனது.
பாலம் பார்க்க வந்த ஒரு பெண்ணின்
சுடிதாரில் நீலம்.
ஒரு டீ, இரண்டு வடை
இனாமாய்க் கொடுத்துச் சமாளித்தேன்.
அதையும் சேர்த்தால் இருநூற்றுத் தொண்ணூறு.

ஜூன் நடுவில் படகுகள் போயின.
இரண்டாம் வாரமே
எல்லை தாண்டியதென்று
அங்கிட்டுப் பிடித்துக்கொண்டார்கள் அந்த நீலத்தை.
ஆட்கள் ஐப்பசியில் வந்தார்கள்.
படகு வரவில்லை.
ஏதோ துறையில், பாதி தண்ணீரில்
சாய்ந்து கிடக்கிறதாம்.
பார்த்துவந்தவன் கையைச் சாய்த்துக் காட்டினான்.

ஒரு சாயங்காலம் அண்ணன் வந்தார்.
நான்கு நாற்காலியும் காலி.
மஞ்சளில் உட்கார்ந்தால் தேவலை என்று
அதைத் துடைத்து நகர்த்தினேன்.
அவர் 212ல் உட்கார்ந்தார்.
டீ ஆடை கட்டியது.
கைப்பிடிக்கு அடியில்
வழிந்து உறைந்த ஒரு சொட்டை
நகத்தால் தடவிக்கொண்டே இருந்தார்,
பெயர்க்கவில்லை.

"ஒரு கோட்டுதான் அடிச்சியா, சலேத்தம்மா?"

"அவ்வளவுதான் இருந்துச்சுண்ணே."

"நாப்பத்தஞ்சு அடிக்கும் ரெண்டு கோட்டு அடிச்சேன்"
என்றார், பாலத்தைப் பார்த்து.

காசு வேண்டாமென்றேன்.
டம்ளருக்கடியில் வைத்துவிட்டுப் போனார்.

முன்பெல்லாம் நான்கையும் சங்கிலியில் கோத்து
வெளியிலேயே விட்டுவிடுவேன்.
இப்போது பூட்டும் முன்
212ஐ உள்ளே தூக்கி வைக்கிறேன்.
ஸ்டவ்வுக்கும் சர்க்கரை டின்னுக்கும் நடுவில்
இடம் போதவில்லை, காலையில் முட்டியில் இடிக்கிறது.
வாடைக்கு
மற்ற மூன்று போதும்.